மீந்துபோன ஐந்து மாத்திரைகள்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். நான் தஞ்சாவூரில் வசிக்கிறேன். எங்கள் ஜூலிக்கு ஐந்து வயது. லேப்ரடார், 28 கிலோ எடை. எங்கள் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் மாலையில் ஒன்றாக நடக்கிறோம். நாய்களுக்கு ஏதாவது என்றால் முதலில் பேசிக்கொள்வதும் எங்களுக்குள்தான்.

மூன்று மாதத்துக்கு முன் ஜூலிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. தோழி ஒருவர் சொன்னபடி, நாங்கள் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் 500 மாத்திரையில் பாதியைக் கொடுத்தேன். எதிர்வீட்டு அண்ணன், தன் பாமரேனியனுக்கு இதேபோல் வந்தபோது மருத்துவர் எழுதித் தந்தது என்று, மீதமிருந்த டாக்சிசைக்கிளின் 100 மாத்திரை ஐந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தினம் ஒன்றைத் தயிர்சாதத்தில் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாளே ஜூலி எழுந்து வாலாட்டினாள்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு காலையில் அவள் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 38,000தான் இருந்தன. "கண்டவர் பேச்சைக் கேட்டால் இப்படித்தான்" என்று மருத்துவர் கடிந்துகொண்டார். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எங்களுடன் நடக்கும் ஒருவர்தான் இரவு பதினொரு மணிக்குத் தன் நாயை ரத்தம் கொடுக்க அழைத்துவந்தார்.

28 நாள் மருந்து முடிந்துவிட்டது. தட்டணுக்கள் 1,90,000 வரை ஏறியிருக்கின்றன. ஆனால் கிட் பரிசோதனை இன்னும் 'பாசிட்டிவ்' என்றே காட்டுகிறது. இன்னொரு 28 நாள் கொடு என்கிறார் ஒருவர். பப்பாளி இலைச்சாறு கொடு என்கிறார் மற்றொருவர். ஜூலிக்கு இப்படி ஆனதற்கு நான்தான் காரணமா? இனி இவர்கள் பேச்சைக் கேட்பதையே விட்டுவிடலாமா? எதிர்வீட்டு அண்ணன் அன்றிலிருந்து நடைக்கே வருவதில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த 'பாசிட்டிவ்' உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கும் அந்த கிட், பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க ஜூலியின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கிருமி போன பின்னும் எதிர்ப்பொருள் பல மாதங்கள், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில்கூட, ரத்தத்தில் தங்கியிருக்கும். ஆகவே கிட்டில் விழும் அந்த 'பாசிட்டிவ்' கோட்டை மட்டும் பார்த்து இன்னொரு 28 நாள் மருந்து கொடுக்க வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது தட்டணுக்களை. நாய்க்குச் சாதாரணமாக ஏறக்குறைய 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும். 38,000 என்ற இடத்திலிருந்து 1,90,000 வரை ஏறியிருக்கிறது என்றால் தட்டணுக்களை உண்டாக்கும் ஜூலியின் எலும்பு மஜ்ஜை ஓய்ந்துவிடவில்லை, நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். உங்கள் கடிதத்தில் என் மனதுக்கு மிகவும் நிறைவு தந்த எண் அதுதான். ஒரு மாதம் கழித்து ஒருமுறையும், அதன்பின் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் ரத்த எண்ணிக்கை பாருங்கள். மறுபடியும் இறங்கினால், கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. ஜூலியின் ஏடுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அங்கு ஒருமுறை காட்டுவது நல்லது.

இப்போது உங்கள் குற்ற உணர்வுக்கு வருகிறேன். ஆறுதலுக்காக எதையும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. நடந்ததை நடந்தபடியே பார்ப்போம்.

அந்தப் பாதிப் பாராசிட்டமால் ஜூலியைக் கெடுக்கவில்லை. 28 கிலோ நாய்க்கு 250 மில்லிகிராம் நஞ்சாகும் அளவு அல்ல. ஆனால் அதே பாதி மாத்திரை ஒரு பூனையின் உயிரைப் போக்கிவிடும். உங்கள் கூட்டத்தில் யாராவது பூனையும் வளர்க்கிறார் என்றால் இதை இன்றே சொல்லிவிடுங்கள். அன்று உங்கள் தோழி பாராசிட்டமாலுக்குப் பதில் இபுபுரூஃபென் அல்லது டைக்ளோஃபினாக் என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் எப்போதும் கிடக்கும் அந்த வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உண்ணிக் காய்ச்சலில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்க, இரைப்பைப் புண்ணும் சேர்ந்தால் உள்ளுக்குள் ரத்தம் கசியும். என் மேசைமேல் அப்படி ஒரு டாஷ்ஹண்ட் வந்தது. நொண்டுகிறான் என்று மூன்று நாள் இபுபுரூஃபென் கொடுத்திருந்தார்கள். மலம் தார் போலக் கறுத்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றுத் தோலில் சிவப்பு மையால் புள்ளி வைத்ததுபோல் நூற்றுக்கணக்கான ரத்தப் புள்ளிகள். நொண்டலுக்குக் காரணமே உண்ணிக் காய்ச்சலால் வந்த மூட்டு வலிதான். அதைக் கொண்டுவந்தவர் அன்பில் குறை வைத்தவர் அல்லர். இரண்டு இரவு அந்த நாயின் பக்கத்திலேயே தரையில் படுத்திருந்தவர்.

டாக்சிசைக்கிளின் விஷயத்தில்தான் தவறு நடந்தது. அதுவும் மருந்தில் அல்ல. எர்லிக்கியாவுக்கு அதுதான் சரியான மருந்து. ஆனால் கணக்கு தவறிவிட்டது. இந்த நோய்க்கு வழக்கமாக நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் தினமும் கொடுக்கிறோம். பாமரேனியன் பத்துக் கிலோ இருந்தால் 100 மில்லிகிராம் மாத்திரை அதற்கு முழு அளவு. ஜூலிக்கு 280 வேண்டும். கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. (இந்தக் கணக்கு நடந்ததைப் புரிந்துகொள்ளத்தான். இதை வைத்து வீட்டில் யாரும் மருந்து கொடுக்க வேண்டாம்.) அதையும் தயிர்சாதத்தில் வைத்தீர்கள். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குடல் உறிஞ்சும் அளவு அதனால் இன்னும் குறையும். நம் ஊரில் நாய்க்கு மாத்திரை என்றாலே தயிர்சாதம்தான் கைக்கு வருகிறது. அதைச் சொல்ல வேண்டியது மருந்து எழுதித் தருகிறவரின் கடமை. உங்களுக்கோ எழுதித் தந்தவர் என்று ஒருவர் இருக்கவே இல்லை. வெறும் சோற்று உருண்டையிலோ இட்லித் துண்டிலோ வைத்துக் கொடுத்து, பின்னால் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

பிறகு, நாட்கள். எர்லிக்கியாவில் மருந்து தொடங்கி ஒன்றிரண்டு நாளில், மிஞ்சினால் மூன்றாம் நாளில் நாய் தெளிந்துவிடும். ஜூலியும் மூன்றாம் நாள் வாலாட்டினாள் இல்லையா? அந்த வாலாட்டலை நம்பித்தான் எத்தனையோ பேர் மருந்தை நிறுத்துகிறார்கள். 28 நாள் கொடுக்கச் சொல்வது வெளியே தெரியும் காய்ச்சலுக்காக அல்ல. வெள்ளணுக்களுக்குள் புகுந்து ஒளிந்திருக்கும் கிருமிக்காக. ஐந்து நாள் அரைகுறை மருந்து காய்ச்சலை அடக்கியது, கிருமியை விட்டுவைத்தது. அது சில வாரம் சத்தமில்லாமல் இருந்து மூக்கில் ரத்தமாக வந்தது. பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். இடையில் வேறோர் உண்ணி புதிதாகக் கடித்திருக்கவும் கூடும்.

ஆக, உங்களுக்கு இதில் பங்கு உண்டா என்றால், உண்டு. ஆனால் அது அக்கறையின்மையால் வந்த பங்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை, சோறு தொடாத நாய், கூப்பிட்டால் எடுக்காத தொலைபேசிகள், பக்கத்தில் கையில் மாத்திரையோடு அன்பான ஒரு மனிதர். அந்த நேரத்தில் பலரும் இதையேதான் செய்வார்கள். மூக்கில் ரத்தம் வந்ததும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஓடினீர்கள். 28 நாளும் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. இவற்றையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'கண்டவர் பேச்சு' என்ற சொல் உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. என்னையும் அது வருத்துகிறது. வளர்ப்பவர்கள் அக்கம்பக்கத்தில் ஏன் கேட்கிறார்கள்? அங்கு உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறது. வரிசையில் இருபது நாய்கள் காத்திருக்கும்போது, எர்லிக்கியா என்றால் என்ன, எதற்கு 28 நாள் என்று நாங்கள் இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்வதில்லை. சீட்டு எழுதுகிறோம், அடுத்த நாயைக் கூப்பிடுகிறோம். அந்த இரண்டு நிமிடம் உங்கள் எதிர்வீட்டு அண்ணனுக்குக் கிடைத்திருந்தால், மீந்த மாத்திரையை உங்களிடம் கொண்டுவந்திருக்க மாட்டார்.

ஆகவே உங்கள் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் எதைக் கேட்பது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் கண்ணால் கண்டது பொன். "என் நாய்க்கும் இப்படித்தான் சோர்வு வந்தது, ரத்தம் பார்த்ததில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, நீங்களும் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல் ஓர் உயிரைக் காக்கும். "என் நாய்க்கு இது கேட்டது, உன் நாய்க்கும் கொடு" என்பதில்தான் ஆபத்து. காரணம், வெளியே ஒன்றுபோல் தெரியும் இரண்டு காய்ச்சல்கள் உள்ளே வேறாக இருக்கும். அதே உண்ணி பபேசியா என்ற இன்னொரு கிருமியையும் கொண்டுவரும். அதிலும் காய்ச்சல், அதிலும் சோர்வு, அதிலும் தட்டணுக்கள் குறையும். ஆனால் அது சிவப்பணுக்களை உடைக்கிறது. சில நாய்களுக்குச் சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். அதை டாக்சிசைக்கிளின் மட்டும் குணமாக்காது. வேறு மருந்து, வேறு ஊசி வேண்டும். இரண்டு கிருமியும் ஒரே நாயில் சேர்ந்திருப்பதையும் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்க்காமல் இவற்றைப் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது.

பப்பாளி இலைச்சாறு கிருமியைக் கொல்லாது. மருந்துக்குப் பதிலாக அது ஆகாது. கசப்பான சாற்றை வாயில் ஊற்றி, ஏற்கெனவே சோறு வெறுத்த நாயை இன்னும் வெறுக்க வைக்காதீர்கள்.

உண்ணிக்கும் உங்கள் கூட்டத்தில் பல வைத்தியங்கள் உலவும். மண்ணெண்ணெய், பினாயில் குளியல் இரண்டும் தோலைப் பொசுக்கும். நாய் நக்கினால் உள்ளேயும் போகும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு அந்த மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் அமைப்பே பிறவியில் பழுதாக இருக்கும். ஓர் ஊசியிலேயே நினைவிழந்துவிடும். கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளவை நாய்க்குச் சரி, அதே வீட்டுப் பூனைக்கு நஞ்சு. இப்போது மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மெல்லும் மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. ஜூலிக்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்து உண்ணியை வெல்ல முடியாது. இங்கேதான் உங்கள் பன்னிரண்டு பேர் எனக்கு வேண்டும். இன்றிரவு கையில் ஒரு டார்ச் விளக்கோடு ஜூலி படுக்கும் சாக்கைத் தூக்கி, அதன் பின்னாலுள்ள சுவரைப் பாருங்கள். தரையும் சுவரும் சேரும் விரிசல், கதவு நிலை, ஜன்னல் ஓரம். கொட்டைமுத்து விதைபோல் சாம்பல் நிறத்தில் உப்பிய ஓர் உண்ணி சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தால், அது முட்டையிடப் போகும் தாய். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அதிலிருந்து வருவது கடுகைவிடச் சிறிய ஆறுகால் குஞ்சு. அது ஒருமுறை நாயின் ரத்தம் குடித்து, கீழே விழுந்து, விரிசலில் ஒளிந்து தோலுரிக்கும். மறுபடி ஏறும், மறுபடி விழும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி உங்கள் வீட்டுச் சுவரில்தான் கழிகிறது. வளர்ந்த உண்ணி சோறு தண்ணீர் இன்றி மாதக்கணக்கில் காத்திருக்கவும் வல்லது.

நீங்கள் மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்காவிட்டால், ஒரு மாலை நடையிலேயே புது உண்ணி ஏறிவிடும். கடித்த சில மணி நேரத்திலேயே அது கிருமியைச் செலுத்தத் தொடங்கும். எனவே மாதத்தில் ஒரு நாளை எல்லோருமாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். அன்று பன்னிரண்டு வீட்டு நாய்க்கும் உண்ணி மருந்து, பன்னிரண்டு வீட்டுப் படுக்கைத் துணியும் கொதிநீரில். சுவர் விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். உங்கள் தெருவில் சோறு வாங்கித் தின்னும் தெருநாய்களையும் கணக்கில் சேருங்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் அந்தச் செலவு தாங்கும். மாலை நடை முடிந்ததும் ஒருவர் நாயை மற்றவர் பாருங்கள்: காது மடலுக்குள், விரல்களுக்கு இடையில், கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலடியில். கிடைத்ததை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம்.

அந்த இரவு ரத்தம் கொடுத்த நாயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. நாய்க்கு ரத்தம் கிடைப்பது இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ரத்த வங்கி இருந்தாலும், தஞ்சாவூரில் நள்ளிரவில் கைகொடுப்பது பக்கத்து வீட்டு நாய்தான். உங்கள் கூட்டத்தில் 25 கிலோவுக்கு மேல், ஒன்று முதல் எட்டு வயதுக்குள், தடுப்பூசி சரியாகப் போட்ட நாய்கள் எத்தனை என்று இப்போதே எழுதிவையுங்கள். அவற்றுக்கு உண்ணிக் கிருமி இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துவையுங்கள். கிருமியுள்ள ரத்தம் ஏற்றினால் நோயும் கூடவே ஏறும்.

ஒரு வெப்பமானியும் வாங்கிப் பொதுவில் வையுங்கள். மூக்கு காய்ந்திருக்கிறது, காது சுடுகிறது என்பதை வைத்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 பாரன்ஹீட், நமக்குக் காய்ச்சல் என்பது அதற்கு இயல்பு. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தூங்கும்போது நிமிடத்துக்கு முப்பது மூச்சுக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் பார்த்துத் தொலைபேசியில் சொன்னால், ஞாயிற்றுக்கிழமையானாலும் மருத்துவர் எவருக்கும் காத்திருக்கலாமா கூடாதா என்று சொல்ல முடியும். ஈறு வெளுத்திருந்தாலோ, எங்கிருந்தாவது ரத்தம் வந்தாலோ, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரித்தாலோ, வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, குட்டி ரத்தமாகக் கழிந்தாலோ யாரையும் கேட்காதீர்கள், வண்டியை எடுங்கள். அப்போது நண்பர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: யாரிடம் கார் இருக்கிறது?

கடைசியாக எதிர்வீட்டு அண்ணன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எனக்கு இது உறைத்தது. அவருடைய பாமரேனியனுக்கு அந்த மருந்தை எழுதித் தந்த மருத்துவர் 28 நாளுக்குத்தான் எழுதியிருப்பார். அட்டைக்குப் பத்து என்று மூன்று அட்டை வாங்கியிருந்தால் இரண்டு மாத்திரை மீந்திருக்கும். ஐந்து எப்படி மீந்தது? அவர் நாயும் மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ வாலாட்டியிருக்க வேண்டும்; அவரும் நிறுத்தியிருக்க வேண்டும். ஜூலிக்கு நடந்தது அந்த வீட்டிலும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கலாம்.

நாளை மாலை நடைக்குப் போகும் முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். குற்றம் சொல்லவோ மன்னிக்கவோ போக வேண்டாம். "அண்ணா, உங்கள் குட்டிக்கு ரத்தம் பார்த்து எத்தனை நாளாயிற்று?" என்று மட்டும் கேளுங்கள். ஜூலியை அழைத்துப்போகும் அதே வண்டியில் அதையும் ஏற்றிக்கொண்டு போய், இரண்டுக்கும் ஒன்றாகத் தட்டணுக்கள் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.